ப. சிங்காரம் முதல் நாவலுக்கே பரிசு வாங்கியும் ஏன் ரெண்டோட நிறுத்திட்டாரு?

நம்ம சிங்கம்புணரிக்காரரு, 1920ல பொறந்தவரு. 18 வயசுல கப்பலேறி இந்தோனேசியாவுல இருக்க மேடானுக்கு வட்டிக்கடை வேலைக்குப் போய், போர் முடிஞ்சு திரும்பி மதுரை தினத்தந்தில சேந்தாரு. ‘கடலுக்கு அப்பால்’ கலைமகள் பரிசு வாங்கி 1959ல வந்துச்சு. ஆனா அதவிடப் பெரிய ‘புயலிலே ஒரு தோணி’ய எழுதி வச்சுட்டு வருசக்கணக்கா காத்துக் கெடந்து 1972லதான் புக்கா வந்துச்சு, வந்தும் பெருசா யாரும் கண்டுக்கல, மனுசன் வெறுத்துப்போய்ப் பேனாவ வச்சுட்டாருன்னுதான் எனக்குத் தோணுது. காரைக்குடில எங்க ஐயா கொண்டுவிக்க, அதாவது கடல் தாண்டித் தொழில் பாக்க, போன கத சொல்றப்ப மேலாளு, அடுத்தாளு, பெட்டியடிப் பையன்னு கடை ஆளுங்க வருவாங்களே, அதெல்லாம் அப்டியே நாவல்ல இருக்கு (எனக்குப் புல்லரிச்சுருச்சு). மதுரை ஒய்.எம்.சி.ஏ. ரூம்ல ரொம்ப வருசம் தனியாவே இருந்தாரு, 1997ல போய்ட்டாரு. ரெண்டாவது நாவலத் தேடிப் படிங்க.