லெஸ்டர் வீட்டுக் கூரையில் வௌவால், உள்ளே மழை ஒழுக்கு: என்ன செய்வது?

கேள்வி: இங்கிலாந்தில் தாதியாக வேலை செய்து ஓய்வு பெற்று இப்போது பிரிக்பீல்ட்ஸில் இருக்கிறேன். லெஸ்டரில் எங்களுக்கு ஒரு பழைய வரிசை வீடு இருக்கிறது, வாடகைக்கு விட்டிருக்கிறோம். பின்பக்கப் புகைபோக்கி ஓரமாக மழை ஒழுகுகிறது என்று குடியிருப்பவர்கள் புகார் செய்தார்கள். கூரை வேலை செய்யும் குத்தகையாளர் ஏறிப் பார்த்துவிட்டு, முன்பக்கம் வௌவால் அடைகிறது என்கிறார். அடுத்த வாரமே மொத்தக் கூரை ஓடுகளையும் பிரித்துப் புதிதாகப் போட்டுவிடலாம், யாருக்கும் சொல்ல வேண்டாம் என்கிறாராம். அங்கே எல்லாவற்றையும் பார்த்துக்கொள்ளும் என் தங்கை மகன், பாச்சை உருண்டை போட்டு விரட்டட்டுமா என்று கேட்கிறான். மலேசியாவில் இருக்கும் என்னை அந்த ஊர்ச் சட்டம் பிடிக்குமா?

பதில்: அம்மா, முதல் வேலையாக, தங்கை மகனுக்கு "சரி, செய்யச் சொல்" என்று வாட்சாப்பில் எதுவும் அனுப்பிவிடாதீர்கள். ஏற்கெனவே அனுப்பியிருந்தால் இன்றே "வேலையை நிறுத்து, நான் விசாரித்துச் சொல்கிறேன்" என்று இன்னொன்று அனுப்புங்கள், பழையதை அழிக்கவும் வேண்டாம். நாளைக்கு இது வழக்காகப் போனால், வீட்டுக்காரருக்குத் தெரிந்திருந்ததா, அவர்தான் செய்யச் சொன்னாரா என்பதற்கு முதல் சாட்சி உங்கள் கைப்பேசிதான்.

சட்டம் உங்களைப் பிடிக்குமா என்றால், பிடிக்கும். காரியம் நடப்பது லெஸ்டரில், சொத்தும் அங்கே, தங்கை மகனும் அங்கே. இங்கிலாந்தில் இதற்கு இரண்டு சட்டங்கள் சேர்ந்து நிற்கின்றன: 1981ஆம் ஆண்டு வனவிலங்கு மற்றும் நாட்டுப்புறச் சட்டம், 2017ஆம் ஆண்டு வாழிடங்கள் மற்றும் உயிரினங்கள் பாதுகாப்பு விதிமுறைகள். நம் நாட்டுச் சட்டத்தில் எந்த விலங்கு பாதுகாக்கப்பட்டது என்று பட்டியலைத் திறந்து பார்க்க வேண்டும், கெலுவாங் எனப்படும் பெரிய பழந்தின்னி வௌவால் அந்தப் பட்டியலில் உண்டு. அங்கே அந்தப் பேச்சே இல்லை, எல்லா வகை வௌவாலுக்கும் பாதுகாப்பு. கொல்வது, காயப்படுத்துவது மட்டுமல்ல, தெரிந்தே தொந்தரவு செய்வதும், அது அடையும் இடத்தைச் சேதப்படுத்துவதும், உள்ளே போகும் வழியை அடைப்பதும் குற்றம். வௌவால் அந்த நேரத்தில் அங்கே இல்லாவிட்டாலும் அது திரும்பி வரும் இடத்துக்குப் பாதுகாப்பு தொடரும். இதில் பலருக்கும் தெரியாத ஒன்று, 2017 விதிமுறைகளின்படி, அடையும் இடத்தை உடைத்த குற்றத்துக்கு "எனக்குத் தெரியாது, வேண்டுமென்று செய்யவில்லை" என்பது பதிலாகாது. உங்களுக்கோ தெரிந்தேவிட்டது.

தண்டனை ஆறு மாதம் வரை சிறை, உச்சவரம்பு இல்லாத அபராதம், அல்லது இரண்டும். லண்டன் கிரீனிச்சில் வௌவால் அடைந்த கட்டடத்தை உரிமம் வாங்காமல் இடித்த ஒரு பெரிய வீடமைப்பு நிறுவனத்துக்கு 2020இல் 6,00,000 பவுண்ட் அபராதம் விழுந்தது. ஒரு வாடகை வீட்டுக்காரருக்கு அந்தத் தொகை வரும் என்று சொல்ல வரவில்லை, ஆனால் நீதிமன்றம் இதைச் சின்ன விஷயமாகப் பார்ப்பதில்லை.

பாச்சை உருண்டை, சாம்பிராணிப் புகை, இரவில் வௌவால் வெளியே போனதும் அது நுழையும் வழியை அடைப்பது, எதுவுமே கூடாது. அதுவும் இப்போது ஜூலை! கோடையில் பெண் வௌவால்கள் கூட்டமாகச் சேர்ந்து ஆளுக்கு ஒரு குட்டி போட்டு வளர்க்கும் காலம் இது. பறக்கத் தெரியாத குட்டிகள் உள்ளே இருக்கும்போது வழியை அடைத்தால் அவை அத்தனையும் கூரைக்குள்ளேயே பட்டினி கிடந்து சாகும். சட்டத்தை விடுங்கள், அந்தப் பாவம் உங்களுக்கு எதற்கு?

தங்கை மகன் ஒன்று செய்யலாம். லோஃப்ட் எனப்படும் கூரையடிப் பரணின் கதவருகே அல்லது முன்சுவர் அடியில் ஜன்னல் விளிம்பில் கறுப்பாக அரிசி அளவில் எச்சம் கிடந்தால், ஒரு துண்டுக் காகிதத்தில் வைத்துக் காகிதத்தாலேயே நசுக்கிப் பார்க்கட்டும். எலி எச்சம் காய்ந்தால் கெட்டியாக இருக்கும். வௌவால் எச்சம் பொடிப்பொடியாக உதிரும், பூச்சி இறக்கைத் துணுக்குகள் மினுமினுக்கும். அவ்வளவு போதும், டார்ச் அடித்துக்கொண்டு உள்ளே நுழைந்து தேட வேண்டாம். வௌவாலை வெறுங்கையால் தொடவும் கூடாது, வெறிநாய்க்கடி வகையைச் சேர்ந்த கிருமி அங்குள்ள சில வௌவால்களுக்கு உண்டு, 2002இல் ஸ்காட்லாந்தில் ஒருவர் அதனால் இறந்தே போனார்.

அப்புறம், அங்கே தேசிய வௌவால் உதவித் தொலைபேசிச் சேவை இருக்கிறது, வௌவால் பாதுகாப்பு அறக்கட்டளை நடத்துவது. தங்கை மகன் அழைத்து, வீடு எங்கே, ஒழுக்கு எங்கே, எச்சம் எங்கே என்று உள்ளதை உள்ளபடி சொல்லட்டும். சின்னப் பழுது வேலை என்றால், நேச்சுரல் இங்கிலாந்து என்ற அரசு அமைப்பின் சார்பில் பயிற்சி பெற்ற தன்னார்வலர் இலவசமாகவே வந்து பார்ப்பதுண்டு. அவர்கள் தரும் ஆலோசனையை எழுத்தில் வாங்குங்கள். பிறகு யாராவது கேள்வி கேட்டால் உங்களைக் காப்பாற்றப்போவது அந்தக் காகிதம்தான்.

உங்கள் கடிதத்தில் எனக்கு நம்பிக்கை தருவது, ஒழுகுவது பின்பக்கம், வௌவால் இருப்பது முன்பக்கம் என்பது. பழைய வீடுகளில் புகைபோக்கி ஓரம் ஒழுகினால் பெரும்பாலும் அங்கே பதித்திருக்கும் ஈயத் தகடு கிழிந்திருக்கும் அல்லது சுவரை விட்டு விலகியிருக்கும். அதற்கு மொத்தக் கூரையையும் எதற்குப் பிரிக்க வேண்டும்? ஆலோசகர் சம்மதித்தால் அந்த ஓரத்தை மட்டும் இப்போதே சரிசெய்ய வழி உண்டு. முழுக் கூரையும் மாற்றித்தான் ஆக வேண்டும் என்றால், குட்டிகள் பறந்துபோய், குளிர்காலத் தூக்கமும் தொடங்காத செப்டம்பர், அக்டோபர் மாதங்கள் தோது. அடையும் இடம் சேதமாகும் என்றால் நேச்சுரல் இங்கிலாந்திடம் உரிமம் வாங்க வேண்டும், அதற்குத் தகுதி பெற்ற சூழலியலாளர் ஒருவரை நீங்கள் காசு கொடுத்து அமர்த்த வேண்டியிருக்கும். ஓட்டுக்கு அடியில் என்ன விரிக்கிறார்கள் என்பதையும் கேளுங்கள். இப்போது பரவலாகப் போடும் காற்றுப்போகும் விரிப்புகள் பலவற்றில் நூல் பிரிந்து வௌவாலின் கால் சிக்கிச் சாகிறது. பழைய மாதிரித் தார் பூசிய விரிப்புதான் வழக்கமாகப் பரிந்துரைக்கப்படுவது.

குடியிருப்பவர்கள் விஷயத்தைத் தள்ளிப்போடாதீர்கள். 1985ஆம் ஆண்டு வீட்டு உரிமையாளர் வாடகைதாரர் சட்டத்தின் 11ஆம் பிரிவுப்படி கூரையைப் பழுதுபார்ப்பது உங்கள் கடமை, வௌவால் இருப்பதால் அது மறைந்துவிடாது. ஆனால் "நியாயமான காலத்தில்" செய்ய வேண்டும் என்பதுதான் அளவுகோல், வௌவால் சட்டத்தை மதித்துக் காத்திருந்தீர்கள் என்பதற்கு ஆதாரம் இருந்தால் உங்கள் பக்கம் வலுவாக இருக்கும். ஆகவே இந்த வாரமே அவர்களுக்கு மின்னஞ்சல் அனுப்பி நிலைமையைச் சொல்லுங்கள், ஒழுகும் அறையில் அவர்கள் சாமான் கெடாமல் இருக்க ஏற்பாடு செய்யுங்கள், அந்த அறையைப் புழங்கவே முடியவில்லை என்றால் வாடகையில் கொஞ்சம் குறைத்துக்கொள்ளுங்கள்.

குத்தகையாளருக்கு முன்பணம் கொடுத்திருந்தால் பயப்பட வேண்டாம், உரிமம் தேவைப்படும் வேலையை அது இல்லாமல் செய்யச் சொல்லி உங்களை அவர் கட்டாயப்படுத்த முடியாது. தேதியை மாற்றச் சொல்லி எழுத்தில் கேளுங்கள், "யாருக்கும் சொல்ல வேண்டாம்" என்று சொன்னவரையே தொடர்ந்து வைத்துக்கொள்ள வேண்டுமா என்பதையும் யோசியுங்கள். அவர் பணத்தைத் திருப்பித் தர மறுத்தாலோ, அங்கே ஏற்கெனவே ஓட்டில் கை வைத்துவிட்டார்கள் என்று தெரியவந்தாலோ, யாரிடமும் விளக்கம் சொல்லும் முன் இங்கிலாந்து சொலிசிட்டர் ஒருவரைப் பாருங்கள், அந்த நிலையில் கோலாலம்பூரில் இருந்து நான் எழுதும் பதில் போதாது.