மரண தண்டனை எந்தக் குற்றத்துக்காவது நியாயமாகுமா?

ஆகாது என்பதே என் பதில். கொலைகாரன்மேல் இரக்கப்பட்டுச் சொல்லவில்லை. தீர்ப்பு எழுதுவது மனிதர்கள் என்பதால் சொல்கிறேன்.

ராஜீவ் காந்தி கொலை வழக்கில் 1998-ல் தடா (பயங்கரவாதத் தடுப்புச் சட்டம்) நீதிமன்றம் 26 பேருக்கும் தூக்கு என்றது. அடுத்த ஆண்டே உச்ச நீதிமன்றம் நால்வருக்கு மட்டும் தூக்கை உறுதிசெய்து, மூவருக்கு ஆயுளாகக் குறைத்து, 19 பேரை விடுவித்தது. அதே வழக்குக் கட்டு, அதே சாட்சியம்!

நால்வரில் ஒருவர் பேரறிவாளன். 19 வயதில் கைதானவர். இரண்டு 9 வோல்ட் பேட்டரி வாங்கிக் கொடுத்தார் என்பது அவர்மேல் முக்கியக் குற்றச்சாட்டு. 2011 செப்டம்பர் 9 என்று தூக்குக்கு நாளும் குறித்தாயிற்று. பத்து நாள் இருக்கும்போதுதான் சென்னை உயர் நீதிமன்றம் தடை போட்டது. 2013-ல், வாக்குமூலத்தைப் பதிவுசெய்த சிபிஐ அதிகாரியே, பேட்டரி எதற்கென்று தெரியாது எனப் பேரறிவாளன் சொன்னதைத் தான் எழுதாமல் விட்டதாகச் சொன்னார். தூக்கு நடந்திருந்தால் அதை யாரிடம் போய்ச் சொல்வது? 2022 மே மாதம் அவர் விடுதலையானார்.

'அப்போ மும்பைத் தாக்குதலில் பிடிபட்ட கசாப்?' என்பீர்கள். அங்கே என் வாதம் கொஞ்சம் தள்ளாடுகிறது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் கசாபுக்கென்று தனிச் சட்டம் கிடையாதே. 1980-ல் பச்சன் சிங் வழக்கில் வந்த 'அரிதினும் அரிது' என்ற அளவுகோல்தான், அதாவது அப்படிப்பட்ட வழக்கில் மட்டுமே தூக்கு என்பதுதான், எல்லோருக்கும். ஒரு அமர்வுக்கு அரிதாகப் படுவது, அடுத்த அமர்வுக்கு அப்படிப் படுவதில்லை.