வீட்டு வீடியோக்களை எடிட் செய்ய எந்த சாப்ட்வேர் நல்லது? காசு கொடுத்துதான் வாங்க வேண்டுமா?

அப்பாவின் மணிவிழாவுக்காகப் பழைய குடும்ப வீடியோக்களைச் சேர்த்து ஒரு மணி நேரப் படம் செய்யப் போவதாகவும், 8 ஜிபி ராம் உள்ள லேப்டாப் இருப்பதாகவும் கேள்வியில் எழுதியிருக்கிறீர்கள். கடைசியில், "சத்தம் எல்லாம் இரைச்சலாக இருக்கிறது, எடுத்துவிட்டு முழுக்கப் பாட்டுப் போட்டுவிடலாம் என்று இருக்கிறேன்" என்று ஒரு வரி. அந்த ஒரு வரியைப் பார்த்துத்தான் இந்தப் பதிலை எழுதுகிறேன்.

சாப்ட்வேர் விஷயத்தை முதலில் முடித்துவிடுகிறேன். காசு கொடுக்க வேண்டாம். ஷாட்கட் அல்லது கேடென்லைவ் போதும், இரண்டும் இலவசம், விண்டோஸிலும் லினக்ஸிலும் ஓடும். டாவின்சி ரிசால்வ் இலவசப் பதிப்பு இவற்றைவிடப் பல மடங்கு பெரியது, நிறம் திருத்துவதில் அதற்குப் பக்கத்தில் இவை வராது, ஆனால் அது கிராபிக்ஸ் கார்டை நம்பி ஓடுவது, உங்கள் லேப்டாப்பில் திணறும். அடோபியின் பிரீமியர் சாப்ட்வேருக்கு மாதாமாதம் சந்தா கட்ட வேண்டும், அதைத் தொழிலாகச் செய்பவர்களுக்கு அது நியாயம்தான், நான் குறை சொல்லவில்லை, ஒரே ஒரு மணிவிழாப் படத்துக்கு எதற்கு? கிராக் செய்த காப்பி யாராவது பென்டிரைவில் கொடுத்தால் தொடாதீர்கள். பெரிய எடிட்டர்கள் எல்லாம் விலை உயர்ந்த மெஷினில்தானே வேலை செய்கிறார்கள் என்று கேட்பீர்கள். வால்டர் மர்ச் என்ற எடிட்டர் 2003ல் வந்த கோல்ட் மவுண்டன் படத்தை, அன்றைக்குக் கடையில் யாரும் வாங்கக்கூடியதாக இருந்த ஃபைனல் கட் ப்ரோவில்தான் வெட்டினார், ஆஸ்கர் பரிந்துரை வரைக்கும் போனார். ஒரு வெட்டை எங்கே போடுவது என்று முடிவெடுக்க அவர் சொன்ன கணக்கில், அந்த இடத்தின் உணர்ச்சிக்கே 51 சதவீதம். மற்ற எல்லாவற்றுக்கும் சேர்த்து மீதி.

இனி என் கதை. நான் திருமங்கலத்தில் ஒரு ஸ்டூடியோவில் எட்டு வருஷம் மிக்சிங் பார்த்தவன். மதுரைப் பக்கம் கல்யாண வீடியோ எடிட்டிங்குக்கு மிக்சிங் என்றுதான் பேர், எடிட்டர் என்று யாரும் கூப்பிட்டதில்லை. மினி டி.வி. கேசட் காலம், அதாவது கேமராவுக்குள் போடுகிற சின்ன டிஜிட்டல் வீடியோ கேசட். ஒரு கேசட் ஒரு மணி நேரம் ஓடும், கம்ப்யூட்டரில் ஏற்றவும் அதே ஒரு மணி நேரம் உட்கார்ந்திருக்க வேண்டும், ஏற்றினால் 13 ஜிபி. எங்களிடம் இருந்தது 80 ஜிபி ஹார்ட் டிஸ்க், ஆறு கேசட் ஏற்றினால் மூச்சு முட்டும். அதனால் ஒரு கல்யாணம் முடிந்து டிவிடி கொடுத்ததும் டிஸ்க்கைக் காலி செய்வோம், கேசட்டை அடுத்த கல்யாணத்துக்கு எடுத்துப்போய் அதன் மேலேயே பதிவு செய்வோம். எல்லா ஸ்டூடியோவும் அப்படித்தான் என்று சொல்லவில்லை, நாங்கள் அப்படிச் செய்தோம்.

2006ல் என் தங்கச்சி கல்யாணம். நானே மிக்சிங் செய்தேன். முதல் நாள் ராத்திரி உசிலம்பட்டிப் பக்கத்தில் எங்கள் ஊர் வீட்டுத் திண்ணையில் நலங்கு. அப்பத்தா ஆரத்தித் தட்டைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு பாட்டுப் பாடியது. எனக்கு அது இரைச்சலாகத்தான் பட்டது, பக்கத்தில் ஜெனரேட்டர் சத்தம், பிள்ளைகள் கத்தல், யாரோ பந்தல்காரரைக் கூப்பிடுகிறார்கள். சத்தத்தை மொத்தமாக எடுத்துவிட்டு ஒரு சினிமாப் பாட்டைப் போட்டேன். மூலையில் ரோஜாப்பூ விழுகிற எபெக்ட் வேறு. வீட்டில் எல்லாருக்கும் பிடித்திருந்தது. கேசட் அடுத்த வாரமே ஒரு காதுகுத்துக்குப் போய்விட்டது.

அப்பத்தா 2011ல் இறந்துபோனது. 2022ல் தங்கச்சி மகளுக்குச் சடங்கு. தாய்மாமன் சீர் எடுத்துக்கொண்டு போய் இறங்குகிறேன், தங்கச்சி ஓடிவந்து கேட்கிறாள், "அண்ணே, என் நலங்குல அப்பத்தா ஒரு பாட்டுப் பாடுச்சே, அது டிவிடில இருக்குமில்ல? இவளுக்குப் பாடணும், யாருக்குமே தெரியல." நான் வாய் திறக்கவில்லை. ராத்திரி டிவிடியைப் போட்டுப் பார்த்தேன். அப்பத்தாவின் உதடு அசைகிறது, தட்டில் விளக்கு ஆடுகிறது, நாற்பது விநாடி. கீழே நான் போட்ட சினிமாப் பாட்டு. அந்தப் பாட்டை இன்றைக்கும் பஸ்ஸில் கேட்டால் இறங்கிவிடத் தோன்றும்.

பிலிம் காலத்து எடிட்டிங் அறையில் படம் ஒரு சுருள், ஒலி தனியாக ஒரு காந்தச் சுருள். இரண்டையும் ஸ்டீன்பெக் என்ற எடிட்டிங் மேஜையில் பக்கம் பக்கமாகப் பூட்டி ஓட்டுவார்கள். ஒலிச் சுருளைக் கையால் தொட்டு, எங்கே வெட்டுகிறோம் என்று தெரிந்து வெட்டியவர்கள் அவர்கள். எனக்கு ஒரு சுட்டெலி கிளிக்கில் அப்பத்தா போய்விட்டது.

சரி, அப்புறம் நடந்ததையும் சொல்கிறேன். டிவிடியில் இருப்பது விநாடிக்கு 25 பிரேம், அதாவது 25 தனிப் படம், ஆனால் ஒவ்வொரு பிரேமும் இரண்டு பாதிகளாக, ஒன்றுவிட்ட கோடுகளாகப் பதிவாகியிருக்கும், அந்த இரண்டு பாதியும் வேறு வேறு கணத்தில் எடுத்தவை. ஹேண்ட்பிரேக் என்ற இலவச சாப்ட்வேரில், இந்தப் பாதிகளைப் பிரிக்கிற பாப் என்ற டீஇன்டர்லேஸ் முறையைப் போட்டால் விநாடிக்கு 50 படம் கிடைக்கும். அதை ஷாட்கட்டில் ஏற்றி, வேகத்தைப் பாதிக்குக் கீழே இறக்கி, சத்தத்தை அணைத்துவிட்டு, எங்கள் பெரிய அத்தையைக் கூட்டிவந்து உட்கார வைத்தேன். அத்தைக்கு அந்தப் பாட்டில் தொடக்கம் மட்டும்தான் ஞாபகம் இருந்தது. பள்ளிக்கூடத்தில் தமிழ் ஐயா சொன்னது எனக்கு அன்றைக்குத்தான் உதவியது, ப, ம இரண்டும் உதடு ஒட்டினால்தான் பிறக்கும் என்பது. "அத்தை, இந்த இடத்துல உதடு ஒட்டுது பாருங்க" என்பேன். அத்தை திரைக்குப் பக்கத்தில் முகத்தை வைத்துக்கொண்டு, "மஞ்சளா... இல்லய்யா, ரெண்டு தடவை ஒட்டுது. ஏய்யா, இன்னொருக்கா ஓட்டு" என்பார். பதினைந்து, இருபது தடவை ஓட்டினேன். திடீரென்று அத்தை கையைத் தூக்கி "நிப்பாட்டு" என்றார். கண்ணை மூடிக்கொண்டு நான்கு வரியை ஒரே மூச்சில் பாடினார். மீதி வரவில்லை, அப்பத்தா அந்த இடத்தில் முகத்தைத் திருப்பிக்கொள்கிறது.

அத்தை பாடியதைப் போனில் பதிவு செய்து, அப்பத்தா உதட்டுக்குப் பொருத்தி ஒட்டிவிடலாமா என்று ஒரு நாள் முழுக்க யோசித்தேன். பொருந்தவும் செய்தது. செய்யவில்லை. அது அத்தை குரல், அப்பத்தா குரல் இல்லை, நாளைக்கு அந்தப் பிள்ளை அதை அப்பத்தா குரல் என்றே நம்பிவிடும். அப்பத்தாவைச் சத்தமே இல்லாமல் நாற்பது விநாடி விட்டேன், அதன் பிறகு அத்தை உட்கார்ந்து பாடுவதை வைத்தேன். உணர்ச்சிவசப்படுகிறேன், பழைய வீடியோவுக்குப் பாட்டுப் போட்டால்தான் ஜனங்கள் பார்ப்பார்கள் என்று சொல்கிறவர்கள் வருவார்கள், அவர்களுக்கும் ஒன்று சொல்கிறேன். பாட்டே கூடாது என்று நான் சொல்லவில்லை, ஆள் வாய் திறக்கிற இடத்தில் பாட்டுச் சத்தத்தைக் குறையுங்கள் என்கிறேன். இரைச்சல் இருந்தால் இருக்கட்டும். குலவைச் சத்தத்தை முதலில் கேட்கவிட்டு, இரண்டு விநாடி கழித்துக் குலவை போடுகிற பெண்களின் முகத்துக்குப் போய்ப் பாருங்கள், ஜே கட் என்பது அதுதான், எந்த எபெக்ட்டும் அதற்கு ஈடாகாது.

இன்னொன்றும் இங்கே சொல்லியாக வேண்டும், கேள்விக்குச் சம்பந்தமில்லைதான். எட்டு வருஷத்தில் வீடியோ எடுக்கப்போன கல்யாணங்களில் முதல் பந்தியில் எங்களை உட்காரச் சொன்னவர்களை ஒரு கை விரலில் எண்ணிவிடலாம். காலை நாலு மணிக்கு மாப்பிள்ளை அழைப்பிலிருந்து நின்றுகொண்டே இருப்போம், மூன்று மணிக்கு இலை போடுவார்கள், அப்போது சாம்பாரும் ரசமும்தான் மிஞ்சியிருக்கும், சாப்பிடும்போதே "தம்பி, குரூப் போட்டோ" என்று கூப்பிடுவார்கள். உங்கள் அப்பா மணிவிழாவில் கேமராக்காரரை நேரத்துக்குச் சாப்பிட வைத்துவிடுங்கள்.

உங்கள் வேலைக்கு வருகிறேன். போனில் எடுத்த வீடியோக்களில் பிரேம் வேகம் ஒரே சீராக இருக்காது, அப்படியே டைம்லைனில், அதாவது துண்டுகளை வரிசையாக அடுக்குகிற பட்டையில், போட்டால் போகப்போக உதடும் சத்தமும் விலகும். ஷாட்கட் அதைக் கண்டுபிடித்து மாற்றித் தரவா என்று கேட்கும், சரி என்று சொல்லுங்கள், நேரம் ஆனாலும் பொறுங்கள். லேப்டாப் விக்கினால் பிராக்ஸியை, அதாவது எடிட் செய்ய மட்டும் பயன்படுகிற சின்ன அளவுக் காப்பியை, போட்டுக்கொள்ளுங்கள். எதையும் வெட்டும் முன்னால் எல்லாவற்றையும் இரண்டு ஹார்ட் டிஸ்க்கில் காப்பி எடுத்து, ஒன்றை வேறு வீட்டில் வையுங்கள்.

வீட்டு அலமாரியில் மினி டி.வி. கேசட் ஏதாவது கிடக்கிறதா என்றும் தேடுங்கள். உங்களுக்குக் கொடுத்த டிவிடியில் என்னைப் போல ஒருவன் பாட்டுப் போட்டிருப்பான், கேசட்டில் உண்மைச் சத்தம் இருக்கும். ஏற்றுவதற்கு ஃபயர்வயர் என்ற கேபிள் இணைப்பு உள்ள பழைய கம்ப்யூட்டரும் ஓடுகிற கேமராவும் வேண்டும், இரண்டும் என்னிடம் இருக்கிறது. கேசட் கிடைத்தால் கீழே எழுதுங்கள், ஒரு கேசட்டுக்கு ஒரு மணி நேரம், நான் உட்கார்ந்து ஏற்றித் தருகிறேன்.