பதில்: பேய்கள் பாடுவது இயக்குநரின் கைவரிசையா?

லீட்ஸ் நகரத்து ஓபரா நார்த் குழு போட்ட ‘தி டர்ன் ஆஃப் தி ஸ்க்ரூ’ ஓபராவில் (இசை நாடகத்தில்) பேய்கள் பாடுகின்றனவே, அதற்கு மூலமான ஹென்றி ஜேம்ஸ் கதையில் அவை வாயே திறப்பதில்லையே என்று கேட்டிருந்தீர்கள். இயக்குநர் அலெஸ்ஸாந்த்ரோ தலேவியைத் திட்டாதீர்கள், பாவம். இசையமைத்த பெஞ்சமின் பிரிட்டனும் வசனம் எழுதிய மிஃபான்வி பைப்பரும் 1954இல் வெனிஸில் அரங்கேற்றியபோதே அவை பாடின. பாட்டு இல்லாத பாத்திரத்துக்கு ஓபராவில் என்ன வேலை!

இரண்டாம் அங்கத்தின் தொடக்கத்தை மறுபடி பாருங்கள். குவின்ட், ஜெஸல் என்ற அந்த இரண்டு பேய்களும் தங்களுக்குள் பேசிக்கொள்ளும்போது பக்கத்தில் யாருமே இல்லை. அப்புறம் பேய்கள் எல்லாம் கதாநாயகியான வீட்டு ஆசிரியையின் பிரமை என்று சொல்வது கொஞ்சம் கஷ்டம்தான். அந்தக் காட்சியே அவள் கனவு என்பவர்களும் உண்டு, எனக்கு ஒட்டவில்லை.

இசைக்கருவி வாசிப்பவர்கள் மொத்தம் 13 பேர்தான். குவின்ட் நெருங்கும்போது மணிபோல ஒலிக்கும் செலெஸ்டா என்ற விசைப்பலகைக் கருவியைக் கவனியுங்கள். ஹெட்போன் போட்டுக் கேட்டால் நல்லது.