மேஷப் பெயர்ச்சி

கேள்வி: அமெரிக்கக் கால்பந்து அணியான ராம்ஸ் 2016-இல் செயின்ட் லூயிஸை விட்டு லாஸ் ஏஞ்சலஸுக்குப் போனது. பெரிய நகரம், நிறைய ரசிகர்கள், நிறைய டிக்கெட் என்பதைத் தாண்டி இந்த இடப்பெயர்ச்சியில் வேறு பொருளாதாரம் ஏதாவது உண்டா? (வாசகர், விருதுநகர்)

பதில்: பெயர்ச்சி என்று எழுதிவிட்டீர்கள், இனி பலன் சொல்லாமல் தப்பிக்க முடியாது. ராம் என்றால் ஆட்டுக்கடா, அதாவது மேஷம். ராசி அசையாது, கிரகம்தான் வீடு மாறும் என்பது நம்மூர் ஜோதிடம். அமெரிக்காவில் ராசியே லாரி பிடித்துக் கிளம்பிவிடும். இந்தக் கடா 1946-இல் கிளீவ்லாந்திலிருந்து லாஸ் ஏஞ்சலஸ் போனது. 1980-இல் பக்கத்து அனாஹைம், 1995-இல் செயின்ட் லூயிஸ், 2016-இல் திரும்பவும் லாஸ் ஏஞ்சலஸ். விட்டுப்போன வீட்டுக்கே திரும்பினால் அதற்கு வக்ரம் என்று பெயர். மற்ற அணி முதலாளிகள் கூடி 30-க்கு 2 என்று ஓட்டுப் போட்டு இந்த வக்ரத்துக்கு ஒப்புதல் தந்தார்கள்.

(கால்பந்து என்று அச்சிட்டால் இலங்கை வாசகர்கள் 'உதைபந்து' என்று திருத்தி எழுதுவது இந்தப் பக்கத்தின் பழைய வழக்கு. இந்த ஆட்டத்தில் பந்து பெரும்பாலும் கையில்தான் இருக்கிறது. இரு தரப்பும் இந்த ஒரு வாரம் ஓய்வெடுக்கலாம்.)

முதலில் டிக்கெட்டை மறந்துவிடுங்கள். இந்த ஆட்டத்தை நடத்தும் என்.எஃப்.எல். லீகின் பெரும்பணம் தேசிய டிவி உரிமை. அது 32 அணிக்கும் சமபங்கு. லட்சம் பேர் வசிக்கும் கிரீன் பேக்கும் நியூயார்க்குக்கும் ஒரே தொகை. டிக்கெட் வசூலிலும் 34 சதவீதம் பொது உண்டியலுக்குப் போய்விடும். அப்படியானால் ஊர் பெரிதாக இருந்து என்ன லாபம்? பங்கு கொடுக்க வேண்டாத பணத்தில்தான் லாபம்: சொகுசு அறைகளின் கூடுதல் கட்டணம், அரங்கத்துக்குப் பெயர் சூட்டும் உரிமை, விளம்பரம், பார்க்கிங், சுற்றியுள்ள நிலம். சொகுசு அறையை வருடக் குத்தகைக்கு எடுப்பவர் பெரும்பாலும் ரசிகர் இல்லை; வங்கி, வக்கீல் கம்பெனி, சினிமா கம்பெனி. பெருநகரம் என்றால் இவர்கள் அதிகம் இருக்கும் ஊர், அவ்வளவுதான்.

வீட்டுக்கு வருவோம். நம்மூரில் ஆணி அடிக்க ஹவுஸ் ஓனரிடம் அனுமதி கேட்க வேண்டும். செயின்ட் லூயிஸில் குடித்தனக்காரர், அதாவது அணி, ஊருக்குச் சொந்தமான அரங்கத்துக்குப் போட்ட நிபந்தனை வேறு மாதிரி: பத்தாம் ஆண்டிலும் இருபதாம் ஆண்டிலும் அரங்கம் நாட்டிலேயே முதல் கால்பங்குக்குள், அதாவது முதல் எட்டுக்குள் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் குத்தகை வருடாவருடம் என்று சுருங்கும், அவர் விரும்பியபோது காலி செய்யலாம். அணியை இழுக்கும் அவசரத்தில் ஊர் கையெழுத்துப் போட்டுவிட்டது. இந்தப் பந்தயத்தில் ஜெயிக்க வழியே கிடையாது. எங்கோ ஓர் ஊர் புது அரங்கம் கட்டும்போதெல்லாம் நீங்கள் ஒரு படி இறங்குகிறீர்கள். 2012-இல் ஊர்க்காரர்கள் 12.4 கோடி டாலருக்குச் சீரமைப்புத் திட்டம் நீட்டினார்கள். அணி 70 கோடிக்குப் பட்டியல் போட்டது. தகராறை விசாரித்த மத்தியஸ்தர்கள் 2013-இல் அணியின் பட்டியல்தான் ஒப்பந்தப்படி சரி என்றார்கள். ஊர் கைவிரித்தது, கதவு திறந்துகொண்டது. அரங்கக் கடனுக்காக மாநிலம் 1.2 கோடி, நகரம் 60 லட்சம், கவுன்ட்டி (நம்மூர் மாவட்டம் மாதிரி) 60 லட்சம் என்று ஆண்டுதோறும் கட்டிவந்த தவணை மட்டும் அணி போன பிறகும் நிற்கவில்லை.

முதலாளி ஸ்டான் குரோன்கே பிறந்தது அதே மிசௌரி மாநிலத்தில். முழுப்பெயர் ஈனோஸ் ஸ்டான்லி. செயின்ட் லூயிஸ் பேஸ்பால் அணியின் ஈனோஸ் ஸ்லாட்டர், ஸ்டான் மியூசியல் இருவர் ஞாபகமாக வைத்தது. பெயர் ராசியை நம்புகிறவர்கள் கவனிக்க.

பரிகாரமும் சொல்லிவிடுகிறேன். ஊர் மாற மற்ற முதலாளிகளுக்குக் கட்டவேண்டிய தட்சிணை 55 கோடி டாலர். தவணையில் கட்டினால் இன்னும் கூடும். அது போக, இங்கிள்வுட்டில் பழைய ஹாலிவுட் பார்க் குதிரைப் பந்தய மைதானத்து நிலத்தில் 500 கோடிக்கு மேல் கொட்டி சொந்தச் செலவில் அரங்கம். இதற்கெல்லாம் வருமானம்? ஃபோர்ப்ஸ் பத்திரிகை 2015-இல் அணிக்குப் போட்ட மதிப்பு 145 கோடி, மறு ஆண்டு 290 கோடி. அந்த மறு ஆண்டில் அணி லாஸ் ஏஞ்சலஸின் பழைய கொலிசியம் அரங்கத்தில் ஆடி, 16 ஆட்டத்தில் 12 தோற்றது. முகவரி மாறியதற்கே மதிப்பு இரட்டிப்பு.

புது அரங்கில் நல்ல இருக்கை வேண்டுமா? டிக்கெட் வாங்கும் உரிமைக்கே முன்பணம் கட்ட வேண்டும், உச்சபட்சம் ஒரு லட்சம் டாலர். 50 ஆண்டு கழித்து வட்டியில்லாமல் திருப்பித் தருவார்களாம். கடை பிடிக்க நம்மூரில் கொடுப்பதைப் பகடிப் பணம் என்பார்கள். அந்தச் சொல்லுக்குக் கேலி என்றும் பொருள் உண்டு.

ரசிகனைவிட லீகுக்கு அதிகம் உழைத்தது காலிமனைதான். 1995 முதல் 2015 வரை 21 சீசன் லாஸ் ஏஞ்சலஸில் அணியே கிடையாது. அரங்கம் கட்டித் தர யோசிக்கிற எந்த ஊரிடமும், "அங்கே போய்விடுவோம்" என்று கைநீட்ட ஒரு திசை வேண்டுமே. பூச்சாண்டி வீட்டில் ஆள் குடியேறிவிட்டால் யார் பயப்படுவார்கள்?

அணி வந்தால் ஊர் செழிக்கும் என்று ஆலோசகர்கள் எழுதித் தரும் அறிக்கைகளை இந்தப் பக்கம் பலமுறை வைதிருக்கிறது. வருடத்தில் பத்து நாள் திறக்கிற கடையால் ஊர் பிழைக்காது. அரங்கத்தில் செலவாகும் காசு அதே ஊர் ஓட்டலிலும் தியேட்டரிலும் செலவாகியிருக்க வேண்டிய காசு.

செயின்ட் லூயிஸ் வழக்குப் போட்டது. ஊர் மாறுவதற்கு லீக் தானே எழுதிவைத்த விதிகளை லீகே மீறியது என்பது வாதம். 2021-இல் 79 கோடி டாலருக்குச் சமரசம். அதில் ஏறக்குறைய 35 சதவீதம் வக்கீல்களுக்கு. சொகுசு அறை எடுக்க ஆள் தயார்.

இன்னொரு விஷயம். சான் டியேகோவிலிருந்து 2017-இல் சார்ஜர்ஸ் அணியும் வந்து சேர்ந்தது, இப்போது அதே அரங்கத்தில் உள்வாடகை. வாடகை வருடத்துக்கு ஒரு டாலர். மற்ற முதலாளிகளுக்குத் தட்சிணை அவர்களும் கட்ட வேண்டியிருந்தது, அதே 55 கோடி.