சிமுலேஷனில் 15 டெசிபெல் கெயின் (பெருக்கம்) வருகிறது, செய்த போர்டில் ஒன்றுமே இல்லை. திருநெல்வேலியில் இருந்துகொண்டு 2.4 கிகாஹெர்ட்ஸ் பெருக்கி செய்ய முடியுமா?

தாராளமாக முடியும் தம்பி. மைக்ரோவேவ் சர்க்யூட்டில் ஆய்வு செய்கிற பேராசிரியரிடம் புராஜெக்டுக்குச் சேர்ந்திருக்கிறேன், 1.6 மி.மீ. எஃப்ஆர்4 (சாதாரண கண்ணாடியிழை) போர்டை வீட்டிலேயே பெரிக் குளோரைடில் எட்ச் செய்து பிஎஃப்பி420 டிரான்சிஸ்டர் போட்டேன் என்கிறீர்கள். கோளாறு ஊரில் இல்லை, பெரும்பாலும் கிரவுண்டில் இருக்கும்.

உங்கள் கேள்விக்கு வந்த மற்ற பதில்களில், சிக்னல் ஓடும் செம்புத் தடத்தின் அகலம் பிசகியிருக்கும் என்கிறார்கள். இந்த போர்டில் 50 ஓமுக்கு 3 மி.மீ. சொச்சம் வேண்டும். பெரிக் குளோரைடு ஓரத்தைத் தின்று 2.7 மி.மீ. ஆனாலும் 54 ஓம்தான். திரும்பி வரும் திறன் ஆயிரத்தில் ஒன்றிரண்டு பங்கு. அதற்காகப் பெருக்கி சாகாது.

சாகடிப்பது எமிட்டர், அதாவது டிரான்சிஸ்டரில் கிரவுண்டுக்குப் போகும் கால். அந்த டிரான்சிஸ்டரில் எமிட்டருக்கு ஏன் இரண்டு கால் வைத்திருக்கிறான்? இண்டக்டன்ஸை (உயர் அதிர்வெண்ணைத் தடுக்கும் குணத்தை) குறைக்கத்தான். 0.8 மி.மீ. ஓட்டை ஒன்று 1.6 மி.மீ. போர்டைத் தாண்டிக் கீழே போனால் ஏறத்தாழ 1 நானோஹென்றி. 2.4 கிகாஹெர்ட்ஸில் அது 15 ஓம். 10 மில்லியாம்பியரில் டிரான்சிஸ்டரின் உள் எமிட்டர் மின்தடையே 2.6 ஓம்தான். சிமுலேஷனில் எமிட்டரை நேரே கிரவுண்டில் கட்டியிருப்பீர்கள். அந்த 1 நானோஹென்றியைப் போட்டு ஓட்டிப் பாருங்கள், கெயின் இறங்குவது தெரியும். வீட்டு எட்சிங்கில் ஓட்டைக்குள் செம்புப் பூச்சு கிடையாது. ஒவ்வொரு காலுக்கும் ஒட்டினாற்போல் இரண்டு மூன்று ஓட்டை போட்டு, தடித்த செம்புக் கம்பி நுழைத்து, மேலும் கீழும் சால்டர் வையுங்கள். எஸ்எம்ஏ கனெக்டர் (கேபிள் திருகும் சிறு இணைப்பான்) நிற்கும் ஓரத்தில் செம்புத் தகட்டை மடித்து இரு பக்கமும் பற்றவைக்க வேண்டும். செம்பு டேப்பின் பசையை நம்பாதீர்கள், பல டேப்புகளில் அது மின்சாரம் கடத்தாது.

அடுத்தது கெபாசிட்டர். கடையில் கிடைக்கிற வட்ட செராமிக் ஆகவே ஆகாது. கால் இரண்டும் சேர்ந்து 10 மி.மீ. என்றாலே சுமார் 8 நானோஹென்றி, அதாவது 120 ஓம். 0603 அளவுள்ள, கால் இல்லாத சிப் கெபாசிட்டர் வாங்குங்கள். இதற்காக நெல்லை எக்ஸ்பிரஸ் ஏறி சென்னை ரிச்சி தெருவுக்குப் போக வேண்டாம், ஆன்லைனில் வரும். சப்ளை லைனில் டிரான்சிஸ்டருக்குப் பக்கத்தில் 10 பிகோஃபாரட், அதன்பின் 1 நானோ, அப்புறம் 0.1 மைக்ரோ. பின்னிரண்டையும் விட்டுவிட்டால், கெயின் அதிகமாக உள்ள தாழ்ந்த அதிர்வெண்ணில் ஆசிலேஷன் (பெருக்கி தானாகவே அலை எழுப்புவது) கிளம்பும்.

"ரோஜர்ஸ் போர்டு இல்லாமல் இதெல்லாம் ஆராய்ச்சியா?" என்று யாராவது வருவார்கள். அது மைக்ரோவேவுக்கென்றே வரும், இழப்பு குறைந்த, விலை கூடிய போர்டு. 10 கிகாஹெர்ட்ஸுக்கு அவர்கள் சொல்வது நியாயம். 2.4-இல் 5 செ.மீ. தடத்துக்கு எஃப்ஆர்4 தின்பது அரை டெசிபெல் அளவுதான். இரைச்சல் எண்ணில் சாதனை படைக்கப் போகிறீர்கள் என்றால் மட்டும் அந்தச் செலவு.

உண்மையான தட்டுப்பாடு கருவி. சில கல்லூரிகளில், இப்படிப்பட்ட சர்க்யூட்டின் கெயினை அளக்கும் நெட்வொர்க் அனலைசரை உறை போட்டுப் பூட்டி வைத்து, இன்ஸ்பெக்‌ஷன் அன்றைக்கு மட்டும் திறக்கிறார்கள். பையன்கள் தொட்டால் கெட்டுவிடுமாம். தொடாமலேயே பூஞ்சை பிடிக்கிறது, அது பரவாயில்லையாம்! அதன் கையடக்க மலிவு வடிவமான நானோ விஎன்ஏ வாங்குவதானால் முதல் வகை வேண்டாம், அது 900 மெகாஹெர்ட்ஸ் வரைக்கும்தான். 3 கிகாஹெர்ட்ஸ் போகும் வி2 வகை பாருங்கள். கேலிப்ரேஷனைக் கருவியின் வாயில் செய்யாமல் கேபிளின் நுனியில் செய்யுங்கள். கருவியைக் காக்க, பெருக்கியின் வெளியீட்டில் சிக்னலைக் குறைக்கும் 20 டெசிபெல் அட்டனுவேட்டர் கட்டாயம்.

அதற்கும் முன்னால், உள்ளீட்டிலும் வெளியீட்டிலும் 50 ஓம் லோடு மாட்டி, சிக்னல் இல்லாமல் சப்ளை மட்டும் கொடுத்து கலெக்டர் கரண்டைப் பாருங்கள். தடத்தின் அருகே விரலைக் கொண்டுபோகும்போது மீட்டர் துள்ளினால் ஆசிலேஷன்தான். அதை அடக்க, கலெக்டரில் தொடராக 10 ஓம் சிப் மின்தடை ஒன்று சேர்த்துவிட்டு மறுபடி பாருங்கள்.