ஆடியோ விஷுவல் கன்சல்டன்டுக்கு அப்படி என்னதான் வேலை? டீலரே இலவசமாக டிசைன் போட்டுத் தரும்போது தனியாக ஃபீஸ் எதற்கு?

கோயம்புத்தூர் பக்கம் பல வருடமாக இந்த வேலைதான் பார்க்கிறேன். "இலவசமாக" என்ற வார்த்தையைப் பார்த்ததும் கை சும்மா இருக்கவில்லை. நீங்கள் ஏதோ பள்ளிக்கோ சபாவுக்கோ ஹால் கட்டுகிறீர்கள், கையில் ஒரு கொட்டேஷனும் இருக்கிறது என்று நினைத்துக்கொண்டு எழுதுகிறேன்.

நாங்கள் பொருள் விற்பதில்லை. கடைசி வரிசைக்காரருக்குப் பேச்சு புரியவேண்டும், திரையில் எழுத்து தெரியவேண்டும். அதற்கு என்ன பொருள், எங்கே மாட்டுவது, எந்த வயர் எந்த வழியாகப் போவது என்று டிராயிங் போட்டு, டெண்டருக்குப் பட்டியல் தயாரித்து, கடைசியில் டெஸ்ட் செய்து கையெழுத்துப் போடுவதுதான் வேலை. டீலரின் டிசைனுக்கான காசு அவர் விற்கும் ஸ்பீக்கர் விலையிலேயே ஏறியிருக்கும்.

பொள்ளாச்சி பக்கம் ஒரு கல்லூரி ஆடிட்டோரியம். 30 மீட்டர் நீளம், 20 மீட்டர் அகலம், 8 மீட்டர் உயரம். தரை கிரானைட், சுவர் வழவழ பெயின்ட், பிளாஸ்டிக் நாற்காலி. திறப்பு விழாவில் சிறப்பு விருந்தினர் பேசியது யாருக்கும் புரியவில்லையாம். அதற்குப் பிறகுதான் என்னைக் கூப்பிட்டார்கள். தாளாளர் முதல் கேள்வியே, "ஏனுங்க தம்பி, இன்னும் நாலு ஸ்பீக்கர் போட்டா சரியாப் போயிருமுங்களா?" ஏற்கெனவே எட்டு தொங்கிக்கொண்டிருந்தது.

மேடையில் நின்று ஒரு கை தட்டினேன். சத்தம் பின் சுவரில் மோதித் திரும்பி வந்தது. போக வர 60 மீட்டர், ஒலிக்கு அது ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கு வினாடி. அதனால் தனியாகவே கேட்டது. அப்புறம் ஹால் முழுக்க ஒரு இரைச்சலாகச் சுற்றி அடங்க நாலு வினாடிக்கு மேல் ஆனது, மீட்டரிலும் அதுதான் காட்டியது. பேச்சுக்கான ஹாலில் அது ஒரு வினாடியை ஒட்டி இருந்தால் நல்லது. நாலு வினாடி என்றால் "மாணவர்களே" என்பது அடங்குவதற்குள் அடுத்த வாக்கியம் அதன்மேல் ஏறிவிடும். இதில் ஸ்பீக்கரைக் கூட்டினால் இரைச்சலும் சேர்ந்து கூடும்.

இது நான் கண்டுபிடித்த வித்தை இல்லை. 1895-இல் ஹார்வர்டில் சபைன் என்ற இயற்பியல் பேராசிரியர், பாடம் புரியாத ஒரு வகுப்பறைக்குள் பக்கத்து அரங்கத்து இருக்கை மெத்தைகளைத் தூக்கி வந்து போட்டு, ராத்திரிகளில் ஸ்டாப்வாட்ச் வைத்து அளந்து தொடங்கிவைத்த கணக்கு. ஹாலின் கன அளவு, ஒலியை உறிஞ்சும் பரப்பு இரண்டும் தெரிந்தால் போதும், கட்டுவதற்கு முன்பே காகிதத்தில் விடை வந்துவிடும்.

பின் சுவர் முழுக்க, பக்கச் சுவர்களில் பாதி, துணி போர்த்திய கண்ணாடிக் கம்பளிப் பலகை அடித்தோம். எட்டில் ஆறு ஸ்பீக்கரைக் கழற்றிவிட்டு மேடையின் இரு பக்கமும் தூண் மாதிரி நெட்டையான காலம் (column) ஸ்பீக்கர் நிறுத்தினோம். அந்த இரைச்சல் அடங்கும் நேரம் ஒன்றரை வினாடிக்கு வந்தது. வயரிங்தான் கடைசிவரை தொல்லை. கான்கிரீட்டுக்குள் முக்கால் இஞ்ச் பைப் புதைத்திருந்தார்கள், படத்தைத் திரைக்குக் கொண்டுபோகும் எச்டிஎம்ஐ வயரின் பிளக் அதில் நுழையவே நுழையாது. நெட்வொர்க் கேபிளை இழுத்து இரண்டு முனையிலும் கன்வெர்ட்டர் வைக்கவேண்டியதாயிற்று.

டீலர் நண்பர்கள் சண்டைக்கு வரவேண்டாம். ஹாலை அளந்து பார்த்துவிட்டு விற்கிறவர்களும் இருக்கிறார்கள். கன்சல்டன்ட் மட்டும் கமிஷன் வாங்குவதில்லையா என்றால், வாங்குகிறவர்களும் உண்டு, மறுக்கவில்லை. பத்துக்குப் பத்து மீட்டிங் ரூமுக்கு டிவி மாட்ட எங்களைக் கூப்பிடவும் தேவையில்லை.

"உங்களுக்கென்ன, பேப்பருக்குக் காசு" என்பவர்களுக்கு ஒன்று சொல்லியே ஆகவேண்டும். பில் போட்ட மாதக் கணக்கிலேயே 18 சதவீத ஜிஎஸ்டியை நான் கட்டியாகவேண்டும். பணம் வருவதோ "டிரஸ்டி வெளியூர் போயிருக்காருங்க" என்பதெல்லாம் முடிந்த பிறகு. வராத காசுக்கு வரி கட்டிவிட்டு, அதை வசூலிக்க என் பெட்ரோலைப் போட்டு அலைகிறேன். இந்தப் பொள்ளாச்சி பில்லிலும் கடைசித் தவணை இன்னும் பாக்கி.

சரி, உங்கள் விஷயம். டீலரே டிசைன் போடட்டும். ஆனால் ஆளில்லாத ஹாலில் அந்த இரைச்சல் அடங்க எத்தனை வினாடி ஆகும் என்று கொட்டேஷனிலேயே எழுதித் தரச் சொல்லுங்கள், வேலை முடிந்ததும் அளந்து காட்டவும் சொல்லுங்கள். ஒத்துக்கொண்டால் அவரிடமே வாங்கிவிடலாம். எப்படியானாலும் ஸ்லாப் போடுவதற்கு முன்னால் பைப்பை ஒன்றரை இஞ்சாக மாற்றச் சொல்லிவிடுங்கள்.